குபெர்னெட்டிஸ்: பத்து பாட்கள் இருந்தும் மூன்றின் மீதே சுமை, போஸ்ட் கோரிக்கைகளில் மட்டும் 502, பயனர் ஐபி தெரியவில்லை

இரவுக்காவல் (கேள்வி)

வணக்கம். எங்கள் குழு பராமரிக்கும் குபெர்னெட்டிஸ் (நிரல்களைப் பல கணினிகளில் பரப்பி இயக்கும் அமைப்பு) கிளஸ்டரில் இரண்டு வாரங்களாக மூன்று சிக்கல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எது எதனால் வருகிறது என்று பிரித்தறிய முடியாமல் பல அமைப்புகளை மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சில மணி நேரம் அமைதியாக இருந்து மீண்டும் தொடங்கிவிடுவதால், எந்த மாற்றம் பயன்பட்டது என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஆகவே முழு விவரத்தையும் எழுதுகிறேன்.

வெளியிலிருந்து வரும் கோரிக்கைகள் முதலில் கிளவுட் தரும் டிசிபி லோடு பேலன்சரை வந்தடைகின்றன. அது கிளஸ்டரின் 5 நோடுகளுக்கும் (கணினிகளுக்கும்) நோட்போர்ட் வழியே, அதாவது எல்லா நோடுகளிலும் திறந்திருக்கும் ஒரே போர்ட் எண் வழியே, பிரித்து அனுப்புகிறது. உள்ளே, வரும் கோரிக்கைகளை உரிய சேவைக்கு அனுப்பும் வாசலான இன்கிரஸ்-எஞ்சின்எக்ஸ் 3 பாட்களாக (ஒரே நிரலின் ஓடும் பிரதிகளாக) ஓடுகிறது. அதற்குப் பின்னால் நோட்.ஜேஎஸ்ஸில் எழுதப்பட்ட முகப்புச் சேவை 4 பாட்களாக இருக்கிறது. அந்த முகப்புச் சேவை, விலை கணக்கிடும் உள்சேவை ஒன்றை ஜிஆர்பிசி (சேவைகள் ஒன்றையொன்று அழைக்கும் நெறிமுறை) வழியே அழைக்கிறது. உள்சேவை கோ மொழியில் எழுதப்பட்டது. அதன் முன்னால் வழக்கமான கிளஸ்டர்-ஐபி வகை சர்வீஸ் (பல பாட்களுக்கும் பொதுவான ஒரே உள் முகவரி) ஒன்று மட்டுமே உள்ளது.

முதல் சிக்கல் இந்த உள்சேவையில்தான். தொடக்கத்தில் அதற்கு 6 பாட்கள் இருந்தன. மூன்று பாட்களின் சிபியு எல்லையைத் தொட, மற்ற மூன்றும் வெறுமனே நின்றன. சுமைக்கேற்ப பாட்களைக் கூட்டிக் குறைக்கும் எச்பிஏ அதைப் பார்த்து எண்ணிக்கையை 10 ஆக உயர்த்தியது. புதிதாக வந்த நான்குக்கும் ஒரு கோரிக்கைகூடப் போகவில்லை. திணறும் மூன்றிலும் குறிப்பிட்ட ஒரு பாட் எப்போதும் மற்ற இரண்டைவிட மோசமான நிலையில் இருக்கிறது.

இரண்டாவது, 502 பிழைகள், அதாவது பின்னால் உள்ள சேவையிலிருந்து சரியான பதில் வரவில்லை என்று வாசல் தரும் பிழைகள். நாள் முழுவதும் சிதறலாக வருகின்றன; ஆனால் போஸ்ட் (தரவை அனுப்பும்) கோரிக்கைகளில் மட்டுமே வருகின்றன, கெட் (தரவைப் படிக்கும்) கோரிக்கைகளில் பயனர் யாரும் புகார் சொன்னதில்லை. புதிய பதிப்பை நிறுவும் போதெல்லாம் சில விநாடிகளுக்குக் கொத்தாகவும் வருகின்றன.

மூன்றாவது, பதிவேட்டில் எல்லாப் பயனர்களின் ஐபியும் எங்கள் நோடுகளின் உள் ஐபியாகவே தெரிகிறது. ஐபி வாரியாக வேகக் கட்டுப்பாடு வைத்திருந்தோம். அது எல்லோரையும் ஒரே ஆளாகக் கருதித் தடுத்துவிட்டதால் அதை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று.

இன்கிரஸ்-எஞ்சின்எக்ஸ் பராமரிப்பின் முடிவு அறிவிக்கப்பட்டுவிட்டதால், இன்கிரஸுக்கு அடுத்த தலைமுறையான கேட்வே ஏபிஐக்கு மாறினால் இவை மூன்றும் தீர்ந்துவிடும் என்று குழுவில் ஒரு கருத்தும், சேவைகளுக்கு நடுவே இடைநிலை நிரல்களை (பிராக்சி) வைக்கும் சர்வீஸ் மெஷ் நிறுவினால் போதும் என்று இன்னொரு கருத்தும் இருக்கின்றன. இரண்டுமே பெரிய வேலை என்பதால், அதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மடைதிறப்பு

முதல் சிக்கலுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்ற இரண்டும் வேறு அடுக்குகளில் நடப்பவை, இதனோடு கலக்க வேண்டாம்.

சர்வீஸ் என்பது நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு கோரிக்கையையும் வாங்கிப் பங்கிட்டுத் தரும் ஒரு நிரல் அன்று. அந்த ஐபியில் எந்த இயந்திரமும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு நோடிலும் ஓடும் கியூப்-பிராக்சி என்ற நிரல் கெர்னலில் எழுதி வைத்திருக்கும் ஐபிடேபிள்ஸ் என்ற நெட்வொர்க் விதிகள்தான், ஒரு டிசிபி இணைப்பு தொடங்கும் அந்தக் கணத்தில், சேர வேண்டிய முகவரியை ஏதோ ஒரு பாடின் முகவரியாக மாற்றி எழுதுகின்றன. மூன்று பாட்கள் இருந்தால் முதல் விதி 0.33333 நிகழ்தகவிலும், அதில் சிக்காதவற்றுக்கு இரண்டாம் விதி 0.5 நிகழ்தகவிலும், எஞ்சியவற்றுக்கு மூன்றாம் விதி கட்டாயமாகவும் பொருந்தும். இந்தக் குலுக்கல் ஓர் இணைப்புக்கு ஒரே ஒருமுறைதான் நடக்கிறது. அதன் பிறகு அந்த இணைப்பில் எத்தனை இலட்சம் கோரிக்கைகள் போனாலும், அவை அனைத்தும் முதலில் விழுந்த பாடுக்கே போய்ச் சேரும்.

பழைய எச்டிடிபி/1.1 பயன்பாடுகளில் இது பெரிதாக உறுத்தாது. இணைப்புகள் பலவாகத் திறந்து மூடப்படுவதால் குலுக்கல் அடிக்கடி நடந்து, சுமை ஓரளவு சமமாகிவிடும். ஜிஆர்பிசி எச்டிடிபி/2 மேல் ஓடுவது. அது ஒரே இணைப்பைத் திறந்து, அதற்குள்ளேயே எல்லா அழைப்புகளையும் இணையாக அனுப்பி, அந்த இணைப்பை நாள்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும். வேகத்துக்கு அது நல்லது. இணைப்புகளை எண்ணிப் பங்கிடும் கியூப்-பிராக்சிக்கோ, பங்கிட எதுவுமே மிஞ்சுவதில்லை.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். முகப்பில் 4 பாட்கள், ஒவ்வொன்றும் ஓர் இணைப்பு என்றால் மொத்தம் 4 இணைப்புகள். அவை திறக்கப்பட்ட போது உள்சேவையில் 6 பாட்கள் இருந்தன. நான்கு இணைப்புகள் ஆறு பாட்களில் கண்ணை மூடிக்கொண்டு விழுந்தால், நான்கும் வெவ்வேறு பாட்களில் அமைய வாய்ப்பு ஏறத்தாழ 28 விழுக்காடுதான். சரியாக மூன்று பாட்களில் அமைய வாய்ப்பு ஏறத்தாழ 56 விழுக்காடு. அதாவது நீங்கள் காண்பதுதான் அதிகம் நிகழக்கூடிய விளைவு. அந்த மூன்றில் ஒன்று இரண்டு இணைப்புகளைச் சுமக்கிறது. ஒரு பாட் மட்டும் எப்போதும் மோசமாக இருப்பதன் காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எச்பிஏ சேர்த்த நான்கு பாட்களும் பிறப்பதற்கு முன்பே குலுக்கல் முடிந்துவிட்டது. சும்மா நிற்கும் பாட்கள் கூடியதால் சிபியுவின் சராசரி இறங்கியிருக்கும். எச்பிஏ பார்ப்பது சராசரியைத்தான் என்பதால் அதுவும் நிறைவடைந்து நின்றுவிட்டிருக்கும்.

இதை நம்பாமல் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முகப்பு பாடுக்குள் போய் இணைப்புகளைப் பட்டியலிட்டால் எதிர்முனையில் சர்வீஸின் ஐபிதான் தெரியும், ஏனென்றால் முகவரி மாற்றம் பாடுக்கு வெளியே, நோடின் கெர்னலில் நடக்கிறது. ஆகவே உள்சேவையின் பத்து பாட்களிலும், இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையால், நிலைபெற்ற இணைப்புகள் எத்தனை, எந்த முகப்பு பாடிலிருந்து வருகின்றன என்று பாருங்கள். இரண்டு, ஒன்று, ஒன்று, மற்றவற்றில் சுழியம் என்று வந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

தீர்வு, பங்கிடும் வேலையை இணைப்பு அடுக்கிலிருந்து எடுத்துக் கோரிக்கை அடுக்குக்குக் கொண்டுபோவது. உங்கள் அளவுக்கு மிக எளிய வழி இது: உள்சேவைக்கு ஹெட்லெஸ் சர்வீஸ் ஒன்றை உருவாக்குங்கள், அதாவது கிளஸ்டர்-ஐபி வேண்டாம் என்று குறித்துவிடுங்கள். அப்போது டிஎன்எஸ் ஒற்றை மெய்நிகர் ஐபிக்குப் பதிலாக, தயாராக இருக்கும் எல்லா பாட்களின் ஐபிகளையும் தரும். முகப்பில் உள்ள ஜிஆர்பிசி நூலகத்துக்கு ரவுண்ட்-ராபின் (முறைவைத்து ஒவ்வொன்றுக்கும் அனுப்பும்) கொள்கையைச் சொல்லுங்கள். இதை வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். இயல்புநிலைக் கொள்கை பிக்-ஃபர்ஸ்ட் என்பது. பத்து முகவரிகள் கிடைத்தாலும் அது முதலில் இணைந்த ஒன்றையே பிடித்துக்கொள்ளும். ஹெட்லெஸ் ஆக்கிவிட்டு இதை மறந்தவர்கள், எதுவும் மாறவில்லையே என்று குழம்பி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஜிஆர்பிசி நூலகம் டிஎன்எஸ்ஸை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஏதாவது ஓர் இணைப்பு அறுந்தால்தான் மறுபடி கேட்கும். எச்பிஏ புதிய பாட்களைச் சேர்க்கும்போது பழைய இணைப்பு எதுவும் அறுவதில்லை, ஆகவே புதியவை மறுபடியும் பட்டினி கிடக்கும். அதனால் உள்சேவைப் பக்கம் மேக்ஸ்-கனெக்‌ஷன்-ஏஜ் என்ற அளவுருவை, எடுத்துக்காட்டாக 5 நிமிடம் என்று வைத்துவிடுங்கள். அந்த வயதை எட்டிய இணைப்புக்குச் சர்வர் கோஅவே என்ற செய்தியை அனுப்பும். நூலகம் டிஎன்எஸ்ஸிடம் முகவரிகளை மீண்டும் கேட்டு, அன்றைய நிலவரப்படி உள்ள எல்லா பாட்களோடும் இணையும். எல்லா இணைப்புகளும் ஒரே நொடியில் அறுந்துவிடாதபடி, கோ மொழி நூலகம் அந்த வயதில் 10 விழுக்காடு வரை கூட்டிக் குறைத்துக்கொள்கிறது.

தொடர்மின்

மேலே சொன்னது முற்றிலும் சரி. சர்வீஸ் மெஷ் பற்றிக் கேட்டிருந்ததால் ஒரு வரி: லிங்கர்டி, இஸ்டியோ போன்றவை ஒவ்வொரு பாடுக்கும் பக்கத்தில் பிராக்சி ஒன்றை வைத்து, கோரிக்கை வாரியாகப் பங்கிட்டு இதே சிக்கலைத் தீர்ப்பவைதாம். பல மொழிகளில் எழுதப்பட்ட பத்துப் பதினைந்து சேவைகள் ஒன்றையொன்று ஜிஆர்பிசியில் அழைத்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு நூலகத்திலும் தனித்தனியாக அமைத்துக்கொண்டிருப்பதைவிட மெஷ் நல்லது என்பேன். ஒரே ஓர் அழைப்புப் பாதைக்காக நிறுவினால், அந்தப் பாதை சீராகும். ஆனால் பிராக்சியின் நினைவகச் செலவு, சான்றிதழ்ச் சுழற்சி, பதிப்பு உயர்வு என்று தினமும் கவனிக்க வேண்டிய புதிய அமைப்பு ஒன்று உங்கள் தோளில் ஏறிவிடும். இப்போதைக்கு வேண்டாம்.

பழையநோடு

502 பற்றி நான் எழுதுகிறேன். சிதறலாக வருவதும் நிறுவலின்போது கொத்தாக வருவதும் இரண்டு வெவ்வேறு நோய்கள். விளைவு ஒரே எண்ணாக இருப்பதால் ஒன்று போலத் தெரிகின்றன.

சிதறலாக வருவதற்கான துப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: போஸ்ட்டில் மட்டும் வருகிறது, முகப்பு நோட்.ஜேஎஸ்ஸில் இருக்கிறது. நோட்.ஜேஎஸ்ஸின் எச்டிடிபி சர்வர், சும்மா இருக்கும் இணைப்பை இயல்பாக 5 விநாடிகளில் மூடிவிடும். இன்கிரஸ்-எஞ்சின்எக்ஸ் தன் பக்கம் அதே இணைப்பை மறுபயன்பாட்டுக்காக 60 விநாடிகள் வரை வைத்திருக்கும். ஓர் இணைப்பு ஐந்து விநாடி சும்மா இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்.ஜேஎஸ் அதை மூட முடிவு செய்து முடிவுச் செய்தியை அனுப்புகிறது. அந்தச் செய்தி கம்பியில் வந்துகொண்டிருக்கும்போதே, இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாக நம்பி, எஞ்சின்எக்ஸ் புதிய கோரிக்கை ஒன்றை அதில் எழுதிவிடுகிறது. எதிர்முனையிலிருந்து வருவது பதில் அன்று, இணைப்பு முறிவு. பிழைப் பதிவேட்டில் 104 என்ற எண்ணோடு இணைப்பு முறிக்கப்பட்டதாகவோ, பதிலின் தலைப்பு வருவதற்கு முன்பே மறுமுனை மூடிவிட்டதாகவோ வரி இருக்கும்.

கெட்டில் இது தெரியாமல் போவதற்குக் காரணம், எஞ்சின்எக்ஸ் அந்தக் கோரிக்கையை ஓசையின்றி வேறொரு பாடுக்கு மறுபடி அனுப்பிவிடுவதுதான். போஸ்ட்டை அப்படி அனுப்பாது: முதல் பாட் அதைச் செயல்படுத்திவிட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது, மறுபடி அனுப்பினால் ஒரே ஆணை இரண்டுமுறை பதிவாகிவிடலாம். எஞ்சின்எக்ஸ் 1.9.13 பதிப்பிலிருந்து இப்படித்தான் நடந்துகொள்கிறது. அணுகல் பதிவேட்டில் அப்ஸ்ட்ரீம் நிலை என்ற புலத்தைப் பாருங்கள். கெட் கோரிக்கைகளில் சிலவற்றுக்கு "502, 200" என்று இரண்டு எண்கள் காற்புள்ளியோடு பதிவாகியிருக்கும். அவையெல்லாம் பயனரின் கண்ணுக்குத் தெரியாமல் காப்பாற்றப்பட்ட கோரிக்கைகள்.

பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரைவிட அதிக நேரம் இணைப்பைத் திறந்து வைத்திருக்க வேண்டும். நோட்.ஜேஎஸ்ஸில் கீப்-அலைவ் நேரத்தை (சும்மா இருக்கும் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தை) 60 விநாடிக்கு மேல், 65 அல்லது 70 என்று வையுங்கள். தலைப்புகளுக்கான கால எல்லையை அதைவிடச் சற்று அதிகமாக வையுங்கள். போஸ்ட்டையும் மறுமுயற்சி செய்யச் சொல்லும் அமைப்பு எஞ்சின்எக்ஸில் இருக்கத்தான் செய்கிறது. தயவுசெய்து அதைத் தொட வேண்டாம். பிழை எண் மறைந்துவிடும், அதற்குப் பதிலாக இரட்டைப் பதிவுகள் வரும், அவற்றைக் கண்டுபிடிப்பது இதைவிடப் பல மடங்கு கடினம்.

இனி நிறுவலின்போது கொத்தாக வருபவை. ஒரு பாடை நீக்கும்போது இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. ஒரு பக்கம், நோடில் பாட்களை இயக்கும் குபெலெட், பாடுக்குள் இருக்கும் நிரலுக்கு நின்றுவிடச் சொல்லும் சிக்டெர்ம் சைகையை அனுப்புகிறது. மறுபக்கம் அந்த பாடின் முகவரி, சர்வீஸின் பாட் முகவரிகளைக் கொண்ட எண்ட்பாயிண்ட் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, அந்தச் செய்தி எல்லா நோடுகளின் கியூப்-பிராக்சிக்கும் இன்கிரஸ் கண்ட்ரோலருக்கும் போய்ச் சேர வேண்டும். ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருப்பதில்லை. நிரல் உடனே நின்றுவிட்டால், செய்தி பரவி முடியும் அந்த ஓரிரு விநாடிகளில் வரும் கோரிக்கைகள், இறந்துபோன பாடின் முகவரியில்தான் போய் முட்டும்.

இதற்குப் பலர் கையாளும் மருந்து, பிரீ-ஸ்டாப் கட்டத்தில், அதாவது சிக்டெர்ம் அனுப்பப்படுவதற்கு முன், 5 முதல் 15 விநாடி வரை வெறுமனே காத்திருக்கச் சொல்வது. அறிவார்ந்த தீர்வாகத் தோன்றாவிட்டாலும் மிக நம்பகமானது. கண்டெய்னர் படிமத்தில் ஸ்லீப் கட்டளையே இல்லாவிட்டால், குபெர்னெட்டிஸ் 1.29 பதிப்பில் அறிமுகமாகி 1.30இலிருந்து இயல்பாகவே இயங்கும் உள்ளமைந்த ஸ்லீப் செயலைப் பயன்படுத்தலாம். பிரீ-ஸ்டாப்பில் செலவாகும் நேரமும், பாட் நின்றுவிடத் தரப்படும் மொத்த அவகாசத்தில்தான் கழியும். இயல்பான அவகாசம் 30 விநாடி, அதில் 15ஐக் காத்திருப்புக்குக் கொடுத்தால் நடந்துகொண்டிருக்கும் கோரிக்கைகளை முடிக்க 15 மட்டுமே மிஞ்சும். உங்கள் கோரிக்கைகளில் நீண்டவை இருந்தால் அவகாசத்தைக் கூட்டுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். கண்டெய்னரின் தொடக்கக் கட்டளை ஷெல் வழியாகவோ என்பிஎம் (நோட்.ஜேஎஸ்ஸின் தொகுப்புக் கருவி) வழியாகவோ நோட்.ஜேஎஸ்ஸைத் தொடங்குகிறதா? அப்படியானால் முதல் செயல்முறையாக இருப்பது அந்த ஷெல்லோ என்பிஎம்மோதான், சிக்டெர்ம் உங்கள் நிரலை எட்டாமலே போகலாம். நிரல் எதுவும் அறியாமல் 30 விநாடியும் ஓடிவிட்டுக் கடைசியில் வெட்டிக் கொல்லப்படும். நான் பணிபுரிந்த ஓர் இடத்தில், சைகையைக் கையாளும் நிரல்பகுதியை அழகாக எழுதி வைத்திருந்தும், இந்த ஒரு காரணத்தால் அது ஒருமுறைகூட இயங்கியதில்லை என்பதைப் பல மாதங்கள் கழித்துத்தான் கண்டோம்.

கரைஓரம்

பயனர் ஐபி பற்றி.

உங்கள் லோடு பேலன்சர் டிசிபி அடுக்கில் இருப்பதால் அது எச்டிடிபி தலைப்பு எதையும் சேர்ப்பதில்லை. இன்கிரஸ் சர்வீஸில் எக்ஸ்டர்னல்-டிராஃபிக்-பாலிசி என்ற அமைப்பு இயல்பாக கிளஸ்டர் என்று இருக்கும். அந்த நிலையில் எந்த நோடுக்கு இணைப்பு வந்தாலும், அது வேறொரு நோடில் இருக்கும் பாடுக்கும் அனுப்பப்படலாம். பதில் அதே வழியாகத் திரும்பி வர வேண்டும் என்பதற்காக, மூல முகவரியை அந்த நோடு தன்னுடையதாக மாற்றி எழுதிவிடுகிறது. நீங்கள் பார்க்கும் உள் ஐபிகள் அவைதாம்.

அதை லோக்கல் என்று மாற்றினால் மூல முகவரி அப்படியே வந்து சேரும், ஒரு தாவலும் மிச்சமாகும். ஆனால் இன்கிரஸ் பாட் இல்லாத நோடு, வரும் இணைப்புகளை ஏற்காது. லோடு பேலன்சர் அதற்கெனத் தனியாகத் திறக்கப்படும் நலச்சோதனைப் போர்ட்டைப் பார்த்து அந்த நோடுகளைத் தவிர்த்துவிடும், ஆகவே 5 நோடுகளில் சில சிவப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம்.

கவனிக்க வேண்டியது சமநிலையைத்தான். லோடு பேலன்சர் நோடுகளை எண்ணுகிறதே தவிர பாட்களை எண்ணுவதில்லை. உங்கள் 3 இன்கிரஸ் பாட்களில் இரண்டு ஒரே நோடில் அமர்ந்துவிட்டால், இரண்டு நோடுகளுக்கும் பாதிப் பாதி போகும். அந்த இரண்டு பாட்களும் 25 விழுக்காடு வீதம் சுமக்க, தனியாக இருப்பது 50 விழுக்காட்டைச் சுமக்கும். டோபாலஜி-ஸ்பிரெட் விதியை வைத்து நோடுக்கு ஒன்றாகப் பரப்புங்கள், அல்லது டீமன்செட்டாக (எல்லா நோடுகளிலும் ஒவ்வொரு பாட் என்று) ஓட்டுங்கள்.

லோக்கல் நிலையில் ஒரு நோடின் ஒரே இன்கிரஸ் பாட் நின்றுபோனால், லோடு பேலன்சர் அதை உணர்வதற்குள் வரும் இணைப்புகள் முன்பெல்லாம் வீணாகின. மற்றவை எதுவும் இல்லாதபோது, விடைபெறும் நிலையில் இருக்கும் பாடுக்கே இணைப்பை அனுப்பும் வசதி 1.28 பதிப்பில் நிலைபெற்றது. அது பயன்பட வேண்டுமானால் இன்கிரஸ் பாட் உடனே சாகாமல் சிறிது நேரம் நின்று பணிசெய்ய வேண்டும். பழையநோடு எழுதிய காத்திருப்பு இங்கும் பொருந்தும்.

பயனரின் ஐபியை இணைப்பின் தொடக்கத்திலேயே எழுதி அனுப்பும் பிராக்சி புரோட்டோகால் இன்னொரு வழி. லோடு பேலன்சரிலும் இன்கிரஸிலும் ஒரே நேரத்தில் இயக்கினால்தான் அது வேலை செய்யும். ஒரு பக்கம் மட்டும் இயக்கிய நொடியிலிருந்து அந்த வழியே வரும் எல்லாக் கோரிக்கைகளும் உடையும். எதைத் தேர்ந்தாலும், வெளியிலிருந்து யார் அனுப்பும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் தலைப்பையும் நம்பும்படி இன்கிரஸை அமைத்துவிடாதீர்கள். விருப்பமான ஐபியை எழுதி அனுப்பி, உங்கள் வேகக் கட்டுப்பாட்டை எவரும் எளிதில் தாண்டிவிடுவார்.

இரவுக்காவல்

அனைவருக்கும் மிக்க நன்றி. சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.

உள்சேவையின் பத்து பாட்களிலும் இணைப்புகளை எண்ணினேன். ஒன்றில் இரண்டு, இரண்டில் ஒவ்வொன்று, ஏழில் எதுவுமில்லை. இரண்டு இணைப்புகள் இருந்தது, எப்போதும் முதலில் திணறும் அதே பாட்தான். இரண்டு வாரமாக அந்த நோடின் வட்டில் பழுது இருக்குமோ என்று அதையே தோண்டிக்கொண்டிருந்தேன்; முகப்புச் சேவையைக் கடைசியாக நிறுவிய நாளில் நடந்த ஒரு குலுக்கல்தான் காரணம் என்று இப்போது புரிகிறது. நான் மாற்றியவை பயன்பட்டது போலத் தோன்றியதற்கும் விளக்கம் கிடைத்துவிட்டது: ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஏதாவது ஒரு சேவையை மறுதொடக்கம் செய்தேன், அப்போது குலுக்கல் புதிதாக நடந்திருக்கிறது.

ஹெட்லெஸ் சர்வீஸ், ரவுண்ட்-ராபின் இரண்டையும் சோதனைச் சூழலில் வைத்துப் பார்த்தேன். எல்லா பாட்களுக்கும் ஏறக்குறைய சமமாகக் கோரிக்கைகள் போகின்றன. பதிவேட்டில் "502, 200" வரிகளும் நிறையவே கிடைத்தன. எங்கள் தொடக்கக் கட்டளை என்பிஎம் வழியாகத்தான் இருக்கிறது, அதையும் இன்று மாற்றிவிட்டேன்.

இரண்டு கேள்விகள் மிஞ்சியுள்ளன. கேட்வே ஏபிஐக்கு மாறுவது இதில் எதற்காவது உதவுமா? உள்சேவையில் விலை மாற்றங்களை நேரலையாக அனுப்பும் ஸ்ட்ரீமிங் அழைப்பு ஒன்றும் உண்டு, அது 20 நிமிடம்கூட ஓடும். மேக்ஸ்-கனெக்‌ஷன்-ஏஜ் 5 நிமிடம் என்று வைத்தால் அது நடுவில் அறுந்துவிடாதா?

கரைஓரம்

கேட்வே ஏபிஐ உங்கள் மூன்று சிக்கல்களில் எதையும் தீர்க்காது. முதலாவது கிளஸ்டருக்குள் நடப்பது, வாசலைத் தாண்டிய பிறகு நிகழ்வது. கீப்-அலைவ் நேரப் பொருத்தமின்மை எந்த பிராக்சியை வைத்தாலும் திரும்பி வரும், எண்கள் மட்டும் மாறும். மூல முகவரி சர்வீஸ் அடுக்கின் வேலை.

ஆனாலும் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்கான காரணம் பாதுகாப்பு. இன்கிரஸ்-எஞ்சின்எக்ஸ் திட்டத்தை முடித்துக்கொள்வதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். 2026 மார்ச் வரை இயன்ற அளவு பராமரிப்பு, அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள்கூடக் கிடையாது என்பது அந்த அறிவிப்பு. 2025 மார்ச்சில் வெளிவந்த சிவிஇ-2025-1974 ஓட்டையை எண்ணிப் பாருங்கள்: பாட் நெட்வொர்க்கை எட்டக்கூடிய எவரும், கடவுச்சொல் எதுவும் இல்லாமலே கண்ட்ரோலருக்குள் தம் நிரலை ஓட்ட முடிந்தது, அதன் தீவிர மதிப்பு 10க்கு 9.8. அப்போது 1.12.1, 1.11.5 பதிப்புகளில் திருத்தம் வந்தது. அடுத்து அப்படி ஒன்று வெளிவந்தால் திருத்தித்தர அந்தத் திட்டத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். எஞ்சின்எக்ஸ் நிறுவனத்தின் பெயரிலேயே உள்ள இன்னொரு இன்கிரஸ் கண்ட்ரோலர் தனித் திட்டம், அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்கிரஸ் என்ற ஏபிஐயும் நீக்கப்படவில்லை; புதிய வசதிகள் அதில் சேர்க்கப்படமாட்டா, அவ்வளவே.

கேட்வே ஏபிஐயின் அடிப்படைப் பகுதிகள் 2023 அக்டோபரில் 1.0 பதிப்பாக நிலைபெற்றன. ஜிஆர்பிசிக்கான தனி வழித்தட வகை 2024இல் 1.1 பதிப்போடு நிலைபெற்றது. வாசலை அமைப்பவரும் வழித்தடத்தை எழுதுபவரும் தனித்தனிப் பொருள்களில் வேலை செய்ய முடிவதும், 90க்கு 10 என்று எடை கொடுத்துப் புதிய பதிப்பைச் சோதிப்பது தரநிலையிலேயே இருப்பதும் எனக்கு மிகவும் பிடித்தவை. இன்கிரஸில் இவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு கண்ட்ரோலருக்கும் ஒவ்வொரு விதமான அனோட்டேஷன் (கூடுதல் அமைப்புக் குறிப்பு) எழுத வேண்டியிருந்தது. உங்கள் மாற்றத்தில் நேரம் பிடிக்கப்போவதும் அந்த அனோட்டேஷன்கள்தாம். இன்கிரஸ்2கேட்வே என்ற கருவி அடிப்படை விதிகளை மாற்றித் தரும். வழித்தட ஒப்பீடு, வேகக் கட்டுப்பாடு, கோரிக்கையின் உள்ளடக்க அளவு வரம்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்க்க வேண்டும். முதலில் மேலே சொன்ன திருத்தங்களை இப்போதுள்ள அமைப்பிலேயே செய்து முடித்துவிட்டு, ஒரு வாரம் அமைதியாக ஓடுவதைப் பார்த்த பிறகு மாறுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் மீண்டும் எது எதனால் என்று தெரியாமல் போகும்.

மடைதிறப்பு

ஸ்ட்ரீமிங் பற்றி: அறுந்துவிடாது, ஓர் அளவுருவைச் சரியாக வைத்தால். கோஅவே செய்தி, புதிய அழைப்புகளை இந்த இணைப்பில் தொடங்காதே என்று மட்டுமே சொல்கிறது; ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அழைப்புகள் பழைய இணைப்பிலேயே தொடரும். அவை எவ்வளவு நேரம் தொடரலாம் என்பதைத் தீர்மானிப்பது மேக்ஸ்-கனெக்‌ஷன்-ஏஜ்-கிரேஸ் என்ற தனி அளவுரு. கோ நூலகத்தில் அதன் இயல்புநிலை வரம்பின்மை, ஆகவே நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் 20 நிமிட ஸ்ட்ரீம் முழுமையாக முடியும். குறிப்பிட விரும்பினால் 25 நிமிடம் போல, நீண்ட ஸ்ட்ரீமைவிட அதிகமாக வையுங்கள்.

ஆனால் நிறுவலின்போது இந்த அளவுரு உங்களைக் காப்பாற்றாது. பாட் நீக்கப்படும்போது செல்லுபடியாவது டெர்மினேஷன்-கிரேஸ் அவகாசம்தான். 30 விநாடி முடிந்ததும் ஸ்ட்ரீமும் சேர்ந்தே அறுக்கப்படும். ஒவ்வொரு நிறுவலுக்கும் 20 நிமிடம் காத்திருக்க நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆகவே கடைசியாகப் பெற்ற விலை மாற்றத்தின் வரிசை எண்ணை முகப்பு நினைவில் வைத்து, அறுந்த ஸ்ட்ரீமை அந்த எண்ணிலிருந்து மறுபடி தொடங்கும்படி எழுதிவிடுங்கள். நோடு ஒன்று திடீரென்று விழுந்தாலும் அதே நிரல்பகுதிதான் கைகொடுக்கும்.